பிள்ளை எதிர்த்துப் பேசும்போது...



2021 அக்டோபரில் பெங்களூரில் பத்தாம் வகுப்பு மாணவர் 3 பேர் வீட்டைவிட்டு வெளியேறினர். படிப்பில் நாட்டமில்லை, விளையாட்டில்தான் விருப்பம் என்று கடிதம் எழுதி வைத்திருந்தனர். சில நாட்களில் அவர்கள் பத்திரமாகக் கண்டுபிடிக்கப்பட்டனர். ஆயினும், வீட்டில் அமர்ந்து பேசித் தீர்க்கவேண்டிய காரியம் ஏன் கடிதமாயிற்று என்பதை நாம் சிந்திக்கவேண்டும்.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. கன்னடமும் ஆங்கிலமும் கற்ற பிள்ளையே ஆசிரியர் சொல்வதை நமக்கு மொழிபெயர்க்கிறான். வங்கிப் படிவத்தையும் நிரப்புகிறான். வெளியே பெரியவனாயிருப்பவனை வீட்டில் "வாயைத் திறக்காதே" என்றால் சீறுகிறான். ஊரில் தாத்தா, பாட்டி, சித்தப்பா என்று குறுக்கே வந்து சமாதானம் செய்ய ஆட்கள் உண்டு. இங்கே ஒற்றை அறை வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை.

எதிர்ப்பு வளருவது எப்படி?

அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன் இதை ஆராய்ந்து விளக்கினார். தாய் கைபேசியை வைக்கச் சொல்லுகிறாள்; மகன் கத்துகிறான்; தாய் சோர்ந்து விட்டுவிடுகிறாள். கத்தினால் காரியம் ஆகும் என்று மகன் கற்றுக்கொள்கிறான். மறுநாள் தகப்பன் அவனைவிட உரக்கக் கத்தி அடக்குகிறார். உரத்த சத்தமே வெல்லும் என்ற அதே பாடம் மீண்டும் உறுதிப்படுகிறது.

செய்யவேண்டியவை

1. கட்டளைகள் சிலவாகவும் தெளிவாகவும் இருக்கட்டும். சொன்னதைத் தாயும் தகப்பனும் ஒருமனமாய்க் காத்துக்கொள்ளுங்கள்.

2. கோபம் கொதிக்கையில் தீர்ப்புச் சொல்லாதிருங்கள். இருவரும் தணிந்தபின் பேசுங்கள்.

3. தண்டனை சிறியதாக, உடனடியாக, சொன்னபடியே இருக்கட்டும். ஒரு மாதத்திற்குக் கைபேசி இல்லை என்று சொல்லி மூன்றாம் நாள் திருப்பிக் கொடுப்பதைவிட, ஒரு மாலைப்பொழுது கொடாதிருப்பது மேல்.

4. கீழ்ப்படிந்த வேளையைக் கண்டு, அதைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்.

5. குடும்ப ஜெபத்தில் பிள்ளையின் குற்றத்தை உரக்கச் சொல்லிக் குத்திக்காட்டாதிருங்கள். அது ஜெபமல்ல, கண்மூடிய வசை.

பிரம்பைப் பற்றிய நீதிமொழிகள் நமக்கு எளிதில் நினைவுக்கு வருகின்றன. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில், பிள்ளைகளுக்குப் புத்தி சொன்ன கையோடு பவுல் தகப்பன்மாரையும் எச்சரித்திருப்பதை மறந்துவிடுகிறோம்.

உதவி தேடுவது எப்பொழுது?

எதிர்ப்பும் எரிச்சலும் 6 மாதங்களுக்கு மேல் நீடித்து, படிப்பையும் உறவுகளையும் கெடுக்குமானால் மருத்துவரை அணுகுங்கள். மனச்சோர்வு, கற்றல் குறைபாடு, பள்ளியில் படும் கேலி ஆகியவையும் முரட்டுத்தனமாக வெளிப்படலாம். ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் சிறுவருக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனி மனநலத் துறை உண்டு. 2022இல் தொடங்கப்பட்ட அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். சாவைப்பற்றிப் பிள்ளை பேசினால் ஒரு நாளும் தாமதியாதிருங்கள். இது விசுவாசக் குறைவு அல்ல. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்லுகிறோமே.

இன்றிரவு 10 நிமிடம் உங்கள் பிள்ளையுடன் அமருங்கள். மதிப்பெண்ணைக் கேளாமல், அவன் சொல்ல நினைப்பதைக் கேளுங்கள். அவன் முடிக்கும்வரை குறுக்கிடாதிருங்கள்.