நிற்க நேரமில்லாதவர் யார்?

"நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை" என்று நம் பெரியோர் ஒரு பழமொழி சொல்லி வைத்திருக்கிறார்கள். பெரியோர் வாக்கில் குற்றம் காண்பது நமது வழக்கமன்று. ஆயினும் இதைச் சொன்னவர் ஒரு நாயையாவது நடுப்பகலில் கவனித்துப் பார்த்திருப்பாரா என்பதில் நமக்குப் பலத்த சந்தேகம் உண்டு. நம் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருக்கிறது. காலையில் பால்காரர் வரும்போது நாலு குரல் குரைத்துவிட்டு, கூடத்து நிலைப்படிக்கருகில் மூன்று சுற்றுச் சுற்றி வந்து, 'அப்பாடா' என்பதுபோல் ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொள்ளும். பிறகு வீட்டார் அனைவரும் அதைத் தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் சாவியைத் தேடுவார். ஒருவர் கைப்பேசியைத் தேடுவார். இந்தக் காட்சியைக் காண்போருக்கு, பழமொழி உண்மையில் யாரைக் குறித்துப் பிறந்திருக்க வேண்டும் என்பது எளிதில் விளங்கிவிடும்.

வளர்ந்த நாய் ஒரு தினத்தில் ஏறக்குறையப் பாதியைத் தூக்கத்திலேயே கழிக்கிறது. அதுவும் நம்மைப்போல் ஒரே மூச்சாக அன்று. 1993-ஆம் வருஷம் ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நாய்களை இரவு முழுவதும் கண்காணித்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சராசரியாகப் பதினாறு நிமிஷம் தூக்கம், ஐந்து நிமிஷம் விழிப்பு. எட்டு மணி நேர இரவுக்குள் இவ்விதம் இருபத்து மூன்று தடவை! இதைப் படித்துவிட்டு நேயர்கள் யாரும் இருபத்து மூன்று தடவை விழித்தெழ முயல வேண்டாம். மனித சரீரத்துக்குத் தொடர்ச்சியான தூக்கம்தான் ஏற்றது. வயது வந்தோருக்குக் குறைந்தபட்சம் ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பது வைத்திய சாஸ்திரத்தின் முடிவு. நாயிடம் நாம் பார்த்து வியப்பது அதன் கணக்கை அல்ல, அதன் கூச்சமின்மையை. ஐந்து நிமிஷம் விழித்து, சத்தம் என்னவென்று கேட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்தால் மறுபடியும் தலையைச் சாய்த்துக்கொள்ளும். எழுந்தது எழுந்தோம், இன்னும் ஒரு வேலையை முடித்துவிட்டுப் படுப்போம் என்று அது எண்ணுவதில்லை.

"வீட்டு நாய்க்கு வேலை ஏது? தூங்காமல் என்ன செய்யும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆகையால் பாடுபட்டு உழைத்த நாய்களின் சமாசாரம் ஒன்றைச் சொல்லுகிறோம்.

1911-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் நார்வே தேசத்து ரோவால்ட் அமுண்ட்ஸென், நான்கு தோழர்களுடனும் ஐம்பத்திரண்டு நாய்களுடனும் தென் துருவத்தை நோக்கிப் புறப்பட்டார். பனிமேல் சறுக்கி ஓடும் நான்கு வண்டிகளை அந்த நாய்கள் இழுத்தன. அதே பருவத்தில் ஆங்கிலேயரான காப்டன் ஸ்காட்டும் வேறு வழியாகப் புறப்பட்டிருந்தார். இவ்வளவு பெரிய போட்டியில் அமுண்ட்ஸென் இரவு பகலாக நாய்களை விரட்டியிருப்பார் என்றுதானே நினைப்போம்? அவர் அப்படிச் செய்யவில்லை. போகும் வழியில், சமதளமான பனிப் பரப்பில், பெரும்பாலான நாட்களில் ஐந்து ஆறு மணி நேரப் பயணத்தோடு வண்டிகளை நிறுத்திவிட்டார். நாள் நன்றாயிருந்தது, இன்னும் பத்து மைல் போகலாம் என்று தோன்றிய தினங்களிலும் கூடாரம் அடித்தாயிற்று. மீதி நேரமெல்லாம் நாய்களுக்கும் ஓய்வு, அவற்றின் புண்ணியத்தில் மனிதர்களுக்கும் ஓய்வு. டிசம்பர் 14-ஆம் தேதி துருவத்தை அடைந்தார்கள்; மொத்தம் தொண்ணூற்றொன்பது நாட்களில் ஐவரும் உயிரோடு திரும்பினார்கள்.

ஸ்காட்டும் அவருடைய தோழர்கள் நால்வரும் கடைசிக் கட்டத்தில் தாங்களே வண்டியை இழுத்தார்கள். நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும். 1912 ஜனவரி 17-ஆம் தேதி துருவத்தில் அவர்களுக்கு முன்பே நார்வேக் கொடி பறந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில் ஐவரும் மாண்டனர். அந்தத் துயரத்துக்குக் கொடுங்குளிர், உணவுக் குறைவு, எண்ணெய்க் குறைவு என்று காரணங்கள் பல. ஓய்வின்மை ஒன்றையே சொல்வது வீரர்களுக்குச் செய்யும் அநீதியாகும். நாய்களின் கதையும் சுபமாக முடியவில்லை. முன்கூட்டியே போட்ட திட்டப்படி, வழியில் இருபத்து நான்கு நாய்களைக் கொன்று மற்ற நாய்களும் மனிதர்களும் உண்டார்கள். பதினொன்றுதான் திரும்பி வந்தன. படிக்கும்போது நெஞ்சு வலிக்கிறது. இருந்தபோதிலும் ஒரு விஷயம் நம் மனத்தை விட்டு அகலவில்லை. களைத்த பிறகு ஓய்வு என்பதல்ல அங்கே இருந்த ஏற்பாடு. களைப்பதற்கு முன்னால் ஓய்வு.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார் இன்னொரு செய்தியையும் கேட்கலாம். ஹங்கேரி தேசத்தில் 2017-ஆம் வருஷம் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் ஐம்பத்து மூன்று நாய்களுக்குப் புதிய பாடம் கற்பித்தார்கள். பாடம் முடிந்ததும் சில நாய்களைத் தூங்கவிட்டார்கள், சிலவற்றை உலாவ அழைத்துப் போனார்கள், சிலவற்றை விளையாடவிட்டார்கள், எஞ்சியவற்றுக்கு உடனே வேறொரு பாடம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது மற்ற மூன்று வகை நாய்களும் முன்னேறியிருந்தன. பாடத்தின்மேல் பாடம் ஏற்றப்பட்டவை மட்டும் முன்னேறவில்லை. கணக்கு டியூஷன் முடிந்து படியிறங்கும் பையனை ஹிந்தி டியூஷனுக்கு ஏற்றிச் செல்ல வாசலில் ஸ்கூட்டருடன் காத்திருக்கும் தகப்பனார்களுக்கு இதைச் சமர்ப்பிக்கிறோம்.

இவ்வளவும் எழுதத் தூண்டிய காரணம் வேறு. சென்ற சித்திரையில் ஒரு நாள் நம் சகதர்மிணி அடுப்பங்கரையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் வந்து இரத்தம், நாடி எல்லாம் பார்த்துவிட்டு, "வியாதி என்று ஒன்றும் தெரியவில்லை. அம்மா எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள்?" என்று கேட்டார். நமக்குப் பதில் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருபத்தைந்து வருஷம் வாழ்ந்தும் தெரியவில்லை! ஏனெனில் நாம் படுக்கும்போது அவள் பாலுக்கு உறை குத்திக்கொண்டிருப்பாள். நாம் எழும்போது தண்ணீர் பிடித்து முடித்திருப்பாள்.

அப்போது பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு நாள் ஆபீஸிலிருந்து பகலிலேயே திரும்பினோம். கூடத்தில் பாய் விரித்து அவள் படுத்திருந்தாள், பக்கத்தில் மணி. கதவுச் சத்தம் கேட்டதும் அவள் திருட்டுச் செய்து பிடிபட்டவள்போல் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து, "இப்போதுதான் ஒரு நிமிஷம் தலை சாய்த்தேன்" என்றாள். மணியோ ஒரு கண்ணை மட்டும் திறந்து, வாலை இரண்டு தடவை ஆட்டிவிட்டு, மீண்டும் தூங்கிப்போயிற்று.

நாம் கோபித்துக்கொள்ளவில்லை. "ஏன், உடம்பு சரியில்லையா?" என்று மிகுந்த பரிவுடன்தான் கேட்டோம். அந்தப் பரிவில் என்ன விஷம் இருந்தது என்பது இப்போதுதான் புரிகிறது. உடம்பு சரியில்லாமல் இருந்தாலன்றிப் பகலில் படுக்க அவளுக்கு நியாயமில்லை என்றல்லவா அந்தக் கேள்விக்கு அர்த்தம்? மணியைப் பார்த்து நாம் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

இப்போது உறை குத்துவது நம் பொறுப்பு. தயிர் ஒரு நாள் புளிக்கிறது, ஒரு நாள் பாலாகவே இருக்கிறது, வீட்டார் பொறுத்துக்கொள்கிறார்கள். நேற்று முன்தினம் பகல் இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்து மெதுவாகக் கதவைத் திறந்தோம். பாயில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மணி ஒரு கண்ணைத் திறந்து நம்மைப் பார்த்தது. அவள் எழுந்திருக்கவில்லை. நாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் திண்ணைக்குத் திரும்பினோம்.