உங்களுக்குத் தெரியுமா? பிச்சைச் சோற்றில் ஒரு கூட்டுக்கஞ்சி

1896 செப்டம்பரில் திருவண்ணாமலைக்கு வந்த ரமண மகரிஷி பல ஆண்டுகள் மலைக்குகைகளில் இருந்தார். அன்பர்கள் பிச்சையெடுத்து வந்த சோறு, குழம்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, வெந்நீர் ஊற்றிக் கஞ்சியாக்கி அனைவரும் பகிர்ந்துகொள்வார்களாம். சில நாள் உப்புகூட இருக்காது!

பிறகு அடிவாரத்து ஆசிரமச் சமையலறையில், விடியுமுன்பே எழுந்து காய் நறுக்குவது அவர் வழக்கம். எதையும் வீணாக்க விடமாட்டார். கீரையின் வேரைக்கூட அலசி, நசுக்கி, சாறெடுத்து ரசத்தில் சேர்த்ததை உடனிருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இன்று ஓட்டல்களில் ‘வெஜிடபிள் ஸ்டாக்’ என்கிறார்களே, ஏறக்குறைய அதே வேலைதான்.

அதே எளிமையில், ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வீட்டிலேயே ஒரு காய்கறி சூப் செய்யலாம்: கேரட், பீன்ஸ், சுரைக்காய், கீரைத்தண்டு, சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு. குக்கரில் மூன்று விசில். பாதியை மசித்து, மீதியை அப்படியே விட்டு, பருப்புத் தண்ணீர் ஒரு கரண்டி சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். சோளமாவு தேவையே இல்லை; மசித்த சுரைக்காயே கெட்டியாக்கிவிடும். மிளகு, சீரகத்தை இறக்கும்போது பொடித்துப் போட்டால்தான் மணக்கும்.