தணிப்பதும் சிகிச்சையே



'நோய்தணிப்புப் பராமரிப்பு' என்றதும், வைத்தியர்கள் நோயாளியைக் கைவிட்டுவிட்டனர் என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது என்பதற்குச் சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்னும் நோய் தக்க சான்றாகும்.

இது ஒரு பரம்பரை நோய். தாய், தந்தை இருவரும் குறைபாடுள்ள மரபணுவைச் சுமந்திருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்நோய் ஏற்பட நான்கில் ஒரு வாய்ப்புண்டு. சளி தடித்துச் சுவாசக் குழாய்களை அடைக்கிறது. அங்கே கிருமிகள் தங்குவதால் நுரையீரல் படிப்படியாகச் சேதமடைகிறது. சதையியின் வழியும் அடைபடுவதால் உணவு செவ்வனே சமிபாடடைவதில்லை.

மூன்று மருந்துகள் சேர்ந்த மாத்திரையொன்று 2019இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. அது பலரின் வாழ்வை மாற்றியுள்ளது. எனினும் எல்லா மரபணு மாற்றங்களுக்கும் அது பயன் தருவதில்லை. விலையும் மிக அதிகம்.

மாத்திரை கிடைத்தோருக்கும் கிடைக்காதோருக்கும் அன்றாடத் துன்பங்கள் உள்ளன. இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றைத் தணிப்பதே இப்பராமரிப்பின் பணி. முகத்தில் சிறு மின்விசிறியின் காற்றுப் படுவதும் மூச்சுத்திணறலைக் குறைக்கும். நோய் முற்றிய நிலையில், வைத்தியரின் கண்காணிப்பில் சிறிதளவு மோர்பினும் வழங்கப்படும்.

இதனை எப்போது ஆரம்பிப்பது? இந்நோயில் இறுதிக்காலத்தை முன்கூட்டிக் கணிப்பது கடினம். மாற்று நுரையீரலுக்காகக் காத்திருப்பவர் திடீரென மோசமடையலாம். ஆகவே இறுதி நாளுக்கென இதனை ஒத்திவைத்தல் ஆகாது. வழமையான சிகிச்சையுடன் சேர்த்து, வாழ்நாள் முழுவதும் இதனை வழங்க வேண்டும் என்பதே அமெரிக்க சிஸ்டிக் பைப்ரோசிஸ் மன்றம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலின் சாரமாகும்.

பெற்றோர்களே! "எனக்கு என்ன நடக்கும்?" என்று நோயுற்ற பிள்ளை கேட்டால் வாயடைக்காதீர்கள். அதன் அச்சத்தையும் விருப்பத்தையும் செவிமடுத்து, வயதுக்கேற்ப உண்மையைக் கூறுங்கள். இளைஞர்களே! இந்நோய் தொற்றுவதன்று, நோயுற்ற நண்பனை நலம் விசாரிக்கச் செல்லுங்கள். ஆனால் உங்களுக்குத் தடிமன், காய்ச்சல் இருப்பின் செல்லாதீர்கள். உங்களுக்குச் சிறிதாயிருக்கும் தொற்று அவனது நுரையீரலுக்குப் பேராபத்தாகலாம்.

வேதனையில் பொறுமை காப்பது சிறப்புக்குரியது. ஆயினும் தணிக்கக்கூடிய வேதனையைத் தணிக்காது விடுவது பொறுமையாகாது. மருந்தை நாடுவது அல்லாஹ்வின் மீதுள்ள நம்பிக்கைக்கு முரணானதுமன்று. குணப்படுத்த இயலாத நோயிலும் செய்வதற்கு நிறைய உண்டு என்பதை மனங்கொள்வோமாக!