எம், யூ, ஆர் என்றால் அரசு

காமயகவுண்டன்பட்டியில் அரசாங்கக் காகிதம் எதிலாவது சந்தேகம் என்றால் என்னிடம் வந்து கேட்பார்கள். அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன், கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர். எனக்குச் சிறு வயதிலேயே பார்வை போனது ஊருக்குப் பழகிப்போன விஷயம். யாரும் அதை நினைத்துத் தயங்குவதில்லை. திராட்சைப் பந்தலுக்குள் நின்றுகொண்டே தம்பி போன் போடுவான்: "அண்ணே, சொட்டுநீர் மானியத்துக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பிருக்கேன். கடைசி தேதி என்னன்னு பாத்துச் சொல்லு." கையில் மருந்து தெளிப்பான் இருக்கும். அந்த நேரத்தில் அவனாலும் படிக்க முடியாது.

நான் காதால் படிக்கிறவன். என் மடிக்கணினியில் இருக்கும் திரைவாசிப்பானுக்கு என்விடிஏ என்று பெயர். மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006-இல் தொடங்கியது. காசு கிடையாது. தமிழும் பேசும். தகரக் குரல்தான், ஆனாலும் பழகிவிட்டால் மற்றவர்களுக்குப் புரியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கலாம். போனில் அதே வேலையை டாக்பேக் செய்கிறது.

இந்த மென்பொருளுக்குத் திரையின் அழகு எதுவும் தெரியாது. பக்கத்துக்குப் பின்னால் எழுதியிருப்பதை எடுத்து வாசிக்கும், அவ்வளவுதான். தலைப்பைத் தலைப்பு என்று நிரலில் குறித்திருந்தால் 'எச்' விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு தலைப்பாகத் தாவிவிடுவேன். வெறுமனே எழுத்தைத் தடிப்பாக்கி வைத்திருந்தால் எனக்கு அங்கே தலைப்பே இல்லை. படத்துக்கு விளக்கம் எழுதாமல் விட்டால், பல நேரம் கோப்பின் பெயரையும் எண்ணையும் ஒப்பிக்கும். படிவத்தின் கட்டங்களோடு பெயரை இணைக்காமல் விட்டால் 'எடிட், எடிட், எடிட்' என்றே கேட்கும். எதில் தகப்பன் பெயர், எதில் ஆதார் எண் என்று நானே ஊகிக்க வேண்டும்.

எங்கள் தேனி மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம் இந்த வகையில் தேவலாம். நாட்டின் பல மாவட்டத் தளங்களைப் போல அதுவும் தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய 'எஸ்3வாஸ்' என்ற பொதுச் சட்டகத்தில் அமைந்தது. நுழைந்ததுமே முதன்மைப் பகுதிக்குத் தாவும் இணைப்பு கிடைக்கும்; மெனு முழுவதையும் கேட்டுத் தீர்க்க வேண்டியதில்லை. கண் மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கலாம், நிற வேறுபாட்டைக் கூட்டலாம். இத்தகைய தளங்களில் கட்டடம் சரியாகவே நிற்கிறது. பொதுவாக எந்த அரசுத் தளமானாலும் சிக்கல் உள்ளே கொண்டுவந்து இறக்கும் சாமானில்தான்.

ஓர் அறிவிப்பு அலுவலகத்தில் எப்படிப் பிறக்கிறது? உதவியாளர் வேர்டில் டைப் செய்கிறார். அந்த நிமிடம் வரை அது என்னால் படிக்கக்கூடிய எழுத்து. பிரின்ட் எடுக்கிறார்கள். அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறார், முத்திரை விழுகிறது. பிறகு ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றுகிறார்கள். இப்போது அது ஒரு தாளின் புகைப்படம். என்விடிஏ அதில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் உண்டு, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் முத்திரை விழுந்த இடத்திலும் அட்டவணையிலும் அவை தடுமாறும். எனக்கு வேண்டிய தேதியும் தொகையும் பெரும்பாலும் அட்டவணையில்தான் இருக்கும். 3-ஐ 8 என்று படித்துவிட்டால் தம்பியின் மானியம் போச்சு.

அலுவலகத்தில் இருப்பவர்கள் இதைச் சோதிப்பது சுலபம். பிடிஎஃபைத் திறந்து ஒரு வரியை மவுஸால் இழுத்துத் தேர்வு செய்து பாருங்கள். வரி பிடிபடவில்லை என்றால் எனக்கும் எட்டாது.

பிடிபட்டாலும் தமிழுக்கென்று தனியாக ஒரு கண்டம் காத்திருக்கிறது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. திரையில் 'அரசு' என்று லட்சணமாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பது எம், யூ, ஆர். என் காதில் விழுவது அதுதான். ஒரு சுற்றறிக்கை முழுக்க இப்படிக் கேட்டால் யாரோ பல் இல்லாமல் ஆங்கிலம் பேசுவதுபோல் இருக்கும். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, எழுத்துக் குறியாக்கத்துக்கு யுனிகோடும் டேஸ் 16-உம்தான் தரம் என்று தமிழக அரசு ஆணை போட்டது. கை பழகியவர்கள் பழைய எழுத்துருவை இன்னும் விட்டபாடில்லை. யுனிகோடிலேயே டைப் செய்தாலும் பிடிஎஃப் ஆகும்போது கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து போவதுண்டு. என்னைக் கேட்டால், அறிவிப்பைச் சாதாரண இணையப் பக்கமாகவே போட்டுவிடுவது மேல்.

கேப்ட்சாவைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும். நீ மனிதன்தானா என்று கேட்டு நெளிந்த எழுத்தைக் காட்டுகிறது. ஒலி வடிவம் தராவிட்டால், பார்க்க முடியாதவன் மனிதன் இல்லை என்ற தீர்ப்பையும் அதுவே சொல்லிவிடுகிறது. காது கேளாதவருக்கு எழுத்து வரி ஓடாத விளக்க வீடியோவும், கை நடுங்குகிறவருக்கு மவுஸ் இல்லாமல் திறக்காத மெனுவும் இதே ரகம்.

உலகத்தில் இந்தச் சண்டை பழையது. 2000 சிட்னி ஒலிம்பிக்கின் இணையதளத்தைப் படிக்க முடியவில்லை என்று புரூஸ் மெக்வயர் என்ற பார்வையற்றவர் புகார் செய்தார். படங்களுக்கு விளக்கம் இல்லை, போட்டி முடிவு அட்டவணைகளை அணுக வழியில்லை என்பது அவர் குறை. சரிசெய்யப் பெரும் செலவாகும், காலமும் பிடிக்கும் என்றார்கள் அமைப்பாளர்கள். ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

நம்மிடம் விதிகளுக்குப் பஞ்சமில்லை. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009-இலேயே வந்தன. மூன்றாவது பதிப்பு 2023-இல் வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 42-ஆவது பிரிவு, மின்னணு உள்ளடக்கமும் எங்களுக்கு எட்டும் வடிவில் இருக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், வெறும் பரிந்துரைபோல் இருந்த அணுகல் விதியைச் செல்லாது என்று சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. வங்கி அடையாளச் சரிபார்ப்புக்குக் கண் சிமிட்டிக் காட்டு என்றால் அமிலத்தால் முகம் சிதைந்தவர் என்ன செய்வார் என்பதில் தொடங்கிய வழக்கு. இணையச் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன நீதிபதி ஆர். மகாதேவன். இது யாரோ சிலருடைய பிரச்சினை இல்லை: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளி என்று பதிவானவர்கள் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர்.

இந்தத் தீர்ப்புகளைப் படித்துவிட்டு எனக்குத் தெரிந்த ஓர் அலுவலக உதவியாளரிடம் பேசினேன். கையெழுத்தே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. டிஜிட்டல் கையொப்பம் போட்டால் தாளுக்கே வேலை இல்லை. முடியாவிட்டால் ஸ்கேன் பிரதியோடு டைப் செய்த மூலத்தையும் ஏற்றுங்கள் என்றேன்.

"எவனாவது மாத்திருவான்னு ஆபீசர் பயப்படுவாருங்க சார்."

"முத்திரை போட்ட பிரதிதான் பக்கத்துலயே இருக்கே. சந்தேகம்னா ஒப்பிட்டுப் பாத்துக்கலாம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அது சரி சார். ஆனா மூலம் எங்க இருக்கு? போன மாசத்து அறிவிப்பைத் திறந்து, அதுக்கு மேலயே தேதியையும் பேரையும் மாத்தி அடுத்ததை டைப் பண்ணிருவோம். பிரின்ட் எடுத்ததும் பழசு போயிரும்."

ஒவ்வொன்றையும் அந்தந்தத் தேதியின் பெயரில் தனியாகச் சேமித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.