எண்ணெய்ப் பம்பும் எஞ்சினின் ஆயுளும்

கொல்கத்தா வீதிகளில் மஞ்சள் டாக்ஸியாகப் பல்லாண்டு ஓடிய அம்பாஸடர் வண்டியை அறியாத தமிழர் இந்நகரில் இரார். ஹூக்ளி மாவட்டத்து உத்தர்பாரா ஆலையில் அதன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றது. எந்த வண்டியாயினும், எஞ்சின் நெடுநாள் உழைக்கத் துணைநிற்பது கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பம்பு ஆகும்.

உலோகத்தோடு உலோகம் உரசினால் வெப்பமும் தேய்மானமும் மிகும். இதனைத் தடுக்க, அடித்தொட்டியிலுள்ள எண்ணெயைச் சல்லடை வழியே பம்பு உறிஞ்சி, வடிகட்டியினூடே பேரிங்குகளுக்கு அழுத்தத்துடன் செலுத்துகிறது. அழுத்தம் வரம்பு மீறினால் ஒரு வால்வு திறந்து, மிகுதியைத் திருப்பிவிடும்.

கோடையில் ஹாவ்ரா பாலத்து நெரிசலில் வண்டி ஊரும்போது எண்ணெய் இளகும். பம்பும் மெதுவாகச் சுழலும். அப்போது எண்ணெய் விளக்கு மினுக்கினால் அதுவே முதல் எச்சரிக்கை. விளக்கு நிலையாக எரிந்தால், வீடு அருகில்தானே என்று மேலே செல்லலாகாது. ஓரமாக ஒதுங்கி உடனே எஞ்சினை நிறுத்துக. சில நிமிடங்கள் கழித்து, சமதளத்தில் அளவுகோலால் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க. குறைந்திருந்தால் நிரப்புக. மட்டம் சரியாயிருந்தும் விளக்கு எரியுமாயின், வண்டியை ஓட்டாது, அழுத்தமானி கொண்டு சோதிக்கச் செய்க. அழுத்தம் சரியெனில் விளக்கின் ஸ்விட்சே பழுதாயிருக்கலாம். குறைவெனில் பம்பை மட்டும் பழித்தல் தகாது. சல்லடை அடைப்பு, வால்வின் பழுது, பேரிங்குத் தேய்மானம் ஆகியவையும் காரணமாகலாம்.

புதிய பம்பைப் பொருத்துமுன் அதனுள் எண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள். வறண்ட பம்பு எளிதில் உறிஞ்சாது. எண்ணெயையும் வடிகட்டியையும் உரிய காலத்தில் மாற்றுவதே பம்புக்கு நாம் செய்யும் சிறந்த பராமரிப்பு. வண்டியே பிழைப்பாகக் கொண்டவருக்கு எஞ்சின் பழுதென்பது பல நாள் வருவாய் இழப்பு. காலையில் ஒரு நிமிடம் எண்ணெய் மட்டம் பார்ப்போர் அவ்விழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.