பரிவர்த்தனைசார் சார்பிய நிரலாக்கத்தில் பக்கவிளைவுகளைக் கையாளுதல்

சங்கரன்கோவிலிலிருந்து பொதிகை விரைவு வண்டியில் சென்னை செல்ல எஞ்சியிருக்கும் ஒரே இருக்கையை இருவர் ஒரே நேரத்தில் கோருவதாகக் கொள்வோம். இருக்கை எண்ணிக்கையைப் படித்தல், குறைத்தல், பயணியின் பெயரைப் பதிதல் ஆகிய மூன்றும் பிரிக்க முடியாத ஒரே பரிவர்த்தனையாக நிகழவேண்டும். மென்பொருள் பரிவர்த்தனை நினைவகம் இவற்றை முதலில் ஒரு தற்காலிகப் பதிவேட்டில் செய்துபார்க்கும். இடையில் மற்றொரு பரிவர்த்தனை அதே மதிப்பை மாற்றியிருந்தால், அப்பதிவேட்டைக் கைவிட்டு மீண்டும் தொடங்கும். நினைவக மாற்றம் மீளக்கூடியது. அனுப்பிய குறுஞ்செய்தியோ மீளாதது. பரிவர்த்தனை மூன்று முறை இயங்கினால், அதனுள் எழுதப்பட்ட செய்தியும் மூன்று முறை சென்றுவிடும்.

2005ஆம் ஆண்டில் டிம் ஹாரிஸ், சைமன் மார்லோ, சைமன் பெய்டன் ஜோன்ஸ், மாரிஸ் ஹெர்லிஹி ஆகியோர் ஹாஸ்கெல் மொழியில் இதற்குத் தரவினத்தின் வழியே தீர்வு கண்டனர். பரிவர்த்தனைச் செயல்கள் ‘எஸ்டிஎம்’ என்னும் இனத்தையும், உள்ளீட்டு வெளியீட்டுச் செயல்கள் ‘ஐஓ’ என்னும் இனத்தையும் சார்ந்தவை. முன்னதனுள் பின்னதை நேரடியாக எழுதினால், நிரல் இயங்குமுன்பே தொகுப்பி அதனை மறுத்துவிடும்.

எனவே, பரிவர்த்தனைக்குள் செய்தியை அனுப்பாமல், அனுப்பவேண்டும் என்னும் குறிப்பை மட்டும் ஒரு வரிசையில் இடுதல் தக்கது. பரிவர்த்தனை உறுதியான பின்னர் வேறோர் இழை அக்குறிப்பை எடுத்துச் செயற்படுத்தும். ஆயினும், இவ்விரண்டிற்கும் இடையே கணினி நின்றுவிட்டால் நினைவகத்திலுள்ள குறிப்பு அழியும். இதனைத் தரவினம் தடுக்காது. ஆகவே, கட்டணம் பெறுதல் போன்ற செயல்களுக்குக் குறிப்பை நிலையான தரவுத்தளத்தில் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் அளித்தல் வேண்டும். அதே எண்ணில் கோரிக்கை மீண்டும் வந்தால், பெறும் அமைப்பு இரண்டாம் முறை கட்டணம் பிடிக்காது.