கம்பெனி வரியின் சுமை யாருடையது?

கடைத்தெருவிற் சென்று ஒரு பண்டத்தின் விலை ஏறியதற்குக் காரணம் யாதென வினவுவோமாயின், வணிகர் தரும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: "வரி ஏறிற்று, நாங்கள் என்ன செய்வோம்?" இம்மறுமொழியைக் கேட்டே வளர்ந்த நாம், வரி எவ்வகைத்தாயினும் அதனை முடிவிற் சுமப்பவர் பண்டம் வாங்கும் எளியவரே என்று நம்பிவிடுகின்றோம். கம்பெனிகளின் வருமானத்தின்மேல் அரசாங்கத்தார் விதிக்கும் வரியும் அத்தகையதுதானோ? கம்பெனி அதனைத் தன் சரக்கின் விலையோடு கூட்டி நம்மிடமே வாங்கிக் கொள்கின்றதோ? இவ்வினாவை ஒருசிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். வரியைச் செலுத்துதல் வேறு. அதன் சுமையைத் தாங்குதல் வேறு. கம்பெனி என்பது சட்டம் படைத்த ஓர் ஆள். அதற்குப் பசியில்லை, உடையில்லை, பிள்ளை குட்டியில்லை. ஆதலின் வரியால் வரும் குறைவை அஃது உணர்வதும் இல்லை. பாரத்தை வண்டி தாங்குவதுபோலத் தோன்றினும், இளைத்து நடப்பன எருதுகளே அன்றோ? அவ்வாறே கம்பெனி செலுத்தும் வரியையும் மக்களுள் யாரேனும் ஒருசாரார் சுமந்தே தீரல் வேண்டும். அவர், முதல் இட்ட பங்குதாரர், உழைக்கும் தொழிலாளர், சரக்கை வாங்கும் நுகர்வோர் என மூவகைப்படுவர். பங்குதாரர்க்கு இலாபம் குறையலாம். தொழிலாளர்க்குக் கூலி குறையலாம். நுகர்வோர்க்கு விலை ஏறலாம். இம்மூன்றனுள் எது நிகழும் என்பதே வினா.

சரக்கின்மேல் விதிக்கும் வரியும் இலாபத்தின்மேல் விதிக்கும் வரியும் ஒரு தன்மையன அல்ல. இதனை ஒரு கணக்கால் விளக்குவாம். ஒரு கம்பெனி சவர்க்காரம் செய்து விற்கின்றது எனவும், ஒரு கட்டி செய்ய 30 ரூபாய் செலவாகின்றது எனவும் கொள்க. விலையை 38 ரூபாயாக வைப்பின் 1,150 கட்டிகளும், 40 ரூபாயாக வைப்பின் 1,000 கட்டிகளும், 42 ரூபாயாக வைப்பின் 800 கட்டிகளும் விலைபோகும் எனக் கொள்வோம். அப்போது இலாபம் முறையே 9,200, 10,000, 9,600 ரூபாயாகும். ஆகவே, கம்பெனி 40 ரூபாய் விலையையே தேர்ந்து கொள்ளும். இனி, அரசாங்கத்தார் இலாபத்தில் நூற்றுக்கு 25 வீதம் வரி கொள்கின்றனர் என்க. எஞ்சுவன 6,900, 7,500, 7,200 ரூபாய். இப்போதும் மிகுதி தருவது அந்த 40 ரூபாய் விலையே. விலையை உயர்த்துவதால் கம்பெனிக்கு நட்டமே அன்றி ஊதியம் இல்லை. விலையை ஏற்றி இன்னும் மிகுதி பெறக்கூடுமாயின், வரி வருமுன்னரே அது விலையை ஏற்றியிருக்கும் அன்றோ?

இதற்கு மாறாகக் கட்டி ஒன்றுக்கு 4 ரூபாய் வரி விதிப்பின், செலவு 34 ரூபாய் ஆகிவிடும். அப்போது 38 ரூபாய் விலையில் 4,600, 40 ரூபாய் விலையில் 6,000, 42 ரூபாய் விலையில் 6,400 ரூபாய் எஞ்சும். இப்போது கம்பெனி விலையை 42 ரூபாயாக ஏற்றும். வரியிற் பாதி வாங்குவோர் தலையில் விழுகின்றது. வணிகர் கூறும் மறுமொழி இவ்வகை வரிக்குப் பொருந்தும். இலாப வரிக்கு அவ்வளவு எளிதாகப் பொருந்தாது.

எனினும் இவ்வளவோடு ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை. மேற்காட்டிய கணக்குத் தொழிற்சாலையும் முதலும் முன்னரே அமைந்துள்ள குறுகிய காலத்துக்கு உரியது. முதல் உடையார் எப்போதும் அங்கேயே நின்றுவிடுவாரல்லர். வரிக்குப்பின் எஞ்சும் ஊதியம் பிற தொழில்களினும் குறைந்ததாயின், புதிய முதல் அத்தொழிலை நாடாது. நாளடைவில் ஆலைகள் குறையும், சரக்குக் குறையும், விலை ஏறும். அன்றியும், புதிய பொறிகள் வாராமையால் தொழிலாளரின் விளைவு குன்றி, அவர் கூலியும் தாழும். இந்நெறியை 1962-ஆம் ஆண்டில் முறைப்பட ஆராய்ந்தவர் ஆர்னால்டு ஹார்பர்கர் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர். கம்பெனித் தொழிலினின்று விலகும் முதல் மற்றைத் தொழில்களிற் சென்று நெருங்குதலால், அங்கும் ஊதியம் குறையும் என்றும், ஆகவே வரியின் சுமை முதல் உடையார் எல்லார் மேலும் பரவும் என்றும் அவர் காட்டினார். ஆனால், அவர் கணக்கு முதல் நாட்டைவிட்டு வெளியேறாது எனக் கொண்டது. முதல் கடல் கடந்து செல்லும் இந்நாளில், பெயர்ந்து போகமாட்டாத தொழிலாளரும் நிலமுமே மிகுதியாகச் சுமக்க நேரும் என்பர் வேறு சிலர்.

இனி, விலையை ஏற்றும் வலி எல்லாக் கம்பெனிகட்கும் ஒப்ப இல்லை. திருப்பூரிற் பின்னலாடை செய்து அயல்நாட்டுக்கு விற்கும் கம்பெனியார், பங்களாதேசத்தாரும் வியத்நாமியரும் போட்டியிடும் சந்தையில் தம் நாட்டு வரியைக் காட்டி விலையை ஏற்ற இயலாது. மின்சாரம் ஆக்கும் கம்பெனியின் நிலையோ வேறு. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தார் 2019-இல் வகுத்த கட்டண விதிகளின்படி, அனல்மின் நிலையத்தின் பங்குமுதலுக்கு வரிபோக நூற்றுக்கு 15.5 வீதம் ஊதியம் கிடைக்குமாறு கட்டணம் அமைக்கப்பெற்றது. வரி நூற்றுக்கு 25 ஆயின், 15.5 எஞ்சுதற்கு 20.67 பெறல் வேண்டும். அம்மிகுதி முழுதும் கட்டணத்திலேயே ஏறும். இங்கே கம்பெனியின் வருமான வரியைச் செலுத்துபவர் விளக்கேற்றும் குடும்பத்தாரே என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவில் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கம்பெனி வரி நூற்றுக்கு 35-இலிருந்து 21-ஆகக் குறைந்தபோது, பல மாநிலங்களின் ஆணையத்தார் மின்சாரக் கட்டணத்தைக் குறைக்கச் செய்ததும் இதுபற்றியே.

ஏனைத் தொழில்களைப் பற்றி ஆராய்ந்தோர் ஒருமித்த முடிபு கண்டிலர். ஜெர்மானிய ஊராட்சிகளின் வரிமாற்றங்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட மூவர், சுமையில் ஏறத்தாழப் பாதி தொழிலாளர் மேல் விழுவதாகக் கண்டனர். அமெரிக்கக் கடைகளின் விலைகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, சுமையில் நூற்றுக்கு 31 பங்கு நுகர்வோரையும், 38 பங்கு தொழிலாளரையும், 31 பங்கு பங்குதாரரையும் சாரும் என்றது. விலைகுறைந்த பண்டங்களிலும், வருவாய் குறைந்த குடும்பத்தார் வாங்கும் பண்டங்களிலும் இவ்வேற்றம் மிகுதி என்று அது கூறுவது நாம் ஊன்றி நோக்கற்பாலது. எனவே, நுகர்வோர் முழுதும் சுமக்கின்றனர் என்பதும் பிழை. சிறிதும் சுமக்கவில்லை என்பதும் பிழை.

இவ்வாராய்ச்சியாற் பயன் என்னை எனச் சிலர் வினவக்கூடும். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள், சலுகைகளைக் கைவிடும் கம்பெனிகட்கு வரி நூற்றுக்கு 22-ஆகக் குறைக்கப்பட்டது. மேல்வரிகளும் சேர்ந்து 25.17 ஆயிற்று. இதனால் ஓராண்டில் 1,45,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என அரசாங்கத்தாரே அன்று அறிவித்தனர். கம்பெனி வரி முழுதும் நுகர்வோர் சுமையாயின், இத்தொகை முழுதும் விலைக்குறைவாக ஏழையின் கைக்கு வந்திருத்தல் வேண்டும். சரக்கு சேவை வரியின் குறைவை வாங்குவோர்க்கே தருதல் வேண்டும் என 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விதி வகுத்தனர். வருமான வரியின் குறைவுக்கோ அத்தகைய விதி ஏதும் வகுக்கப்படவில்லை. ஓரிடத்துக் குறைந்த வருவாயைப் பிறிதோரிடத்துக் கொள்ள நேரின், அஃது உப்புக்கும் துணிக்கும் கொடுப்பவர் மேல் விழாது காத்தல் அரசின் கடனாகும். "எல்லா வரியும் ஏழையே செலுத்துகின்றான்" என்னும் சொல் ஏழைக்குப் பரிந்து பேசுவதுபோலத் தோன்றினும், செல்வர் வரியைக் குறைத்தற்கும் அதுவே கருவியாகக் கூடும். "செல்வரே செலுத்துகின்றனர்" என்னும் சொல்லும், தொழிலாளர் கூலி தேய்வதை நம் கண்ணுக்கு மறைக்கக் கூடும்.

எரிகோ நகரத்து ஆயக்காரனாகிய சகேயு, தான் அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக நம் ஆண்டவர்முன் கூறினான். யாரிடம் எவ்வளவு கொண்டோம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. கம்பெனி வரியிலோ, கொடுத்தவன் தான் கொடுத்ததை அறியான்; கொண்டவனும் யாரிடம் கொண்டோம் என்பதை அறியான். அறியாத கடனைத் திருப்பித் தருதல் எவ்வாறு கூடும்? ஆதலின், வரியைக் கூட்டுவோரும் குறைப்போரும், அதனைப் போற்றுவோரும் பழிப்போரும், அது யார் தோளில் இறங்குகின்றது என்பதை முதற்கண் ஆராய்ந்து அறிதல் வேண்டும். கற்றோராகிய நாமும், கடைத்தெருவில் கேட்டதையே உண்மை எனக் கொள்ளாது, எருது எது, வண்டி எது எனப் பகுத்துணர்வோமாக.